நிறுத்தத் தெரிந்த விரல்கள்

பேஸ் கிட்டார் வாசிப்பவரை விரல் வேகத்தை வைத்து எடை போடுபவர்களுக்கு ஆண்டி ஃப்ரேசர் அகப்படமாட்டார். எந்த இடத்தில் வாசிக்காமல் விட வேண்டும் என்பதில்தான் அவருடைய வித்தையே இருக்கிறது.

அவர் பேஸ் வாசித்த ‘ஃப்ரீ’ குழுவின் ‘ஆல் ரைட் நவ்’ பாடலைப் பேஸுக்கென்றே காது கொடுத்துக் கேளுங்கள். சரணம் முழுக்கப் பால் ராட்ஜர்ஸின் குரல், பால் காசோஃபின் கிட்டார், சைமன் கர்க்கின் டிரம்ஸ், அவ்வளவுதான். அடியில் தாங்குவதற்கு எதுவும் இல்லாமலே பாட்டு நடை போடுகிறது. பல்லவியில் பேஸ் வந்து இறங்கும்போதுதான் அதுவரை நமக்குப் பசித்திருந்தது தெரிகிறது. டர்ஹாமில் கச்சேரி எடுபடாமல் போன ஓர் இரவில் முளைத்த பாட்டு இது. 1970-இல் பிரிட்டனில் 2-ஆம் இடம், அமெரிக்காவில் 4-ஆம் இடம் பிடித்தது. ராட்ஜர்ஸுடன் சேர்ந்து இதை எழுதியபோது ஃப்ரேசருக்கு 18 வயது நிரம்பவில்லை.

லண்டனில் 1952-இல் பிறந்தவர். எரிக் கிளாப்டனும் பீட்டர் கிரீனும் தேறிவந்த ஜான் மேயலின் ‘ப்ளூஸ்பிரேக்கர்ஸ்’ குழுவுக்கு, அலெக்சிஸ் கார்னரின் சிபாரிசில் 15 வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அங்கே நெடுநாள் இல்லை. 1968-லேயே ‘ஃப்ரீ’ உருவாகிவிட்டது.

அவர் கையில் இருந்தது கிப்சன் ஈபி-3. ஃபெண்டர் பேஸில் தந்தியின் அதிர்வு நீளம் 34 அங்குலம், இதில் 30.5 தான். நாதம் தடிப்பானது, சற்றே கலங்கலானது. சுரங்களை வாரி இறைத்தால் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். ஃப்ரேசர் சுரத்துக்குச் சுரம் இடம் விட்டார். அந்தக் கலங்கலே கம்பீரமாயிற்று.

அடக்கம் வேறு, இயலாமை வேறு. ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ ஆல்பத்தின் ‘மிஸ்டர் பிக்’ பாடலில் காசோஃப் கிட்டாரால் தாங்கிப் பிடிக்க, பேஸ் மேல் ஸ்தாயிக்கு ஏறித் தனி ஆவர்த்தனமே நடத்துகிறது. தாங்க வேண்டிய வாத்தியம் தலைமை ஏற்கிறது.

1972-இல் ‘ஃப்ரீ’யை விட்டு விலகினார். 1978-இல் ராபர்ட் பால்மர் பாடிப் புகழ்பெற்ற ‘எவ்ரி கைண்டா பீப்பிள்’ ஃப்ரேசர் எழுதியது. 2015-இல் கலிஃபோர்னியாவில் காலமானார்.

பதின்வயதில் கிடைத்த மேடையில் எல்லாவற்றையும் கொட்டிக் காட்டத்தான் எவருக்கும் தோன்றும். ஃப்ரேசருக்கு அது தோன்றாததற்குக் காரணம், அவர் முதலில் பாட்டு கட்டுபவர். வாத்தியக்காரர் அதன் பிறகுதான். தன் பேஸ் இல்லாமலே ஒரு சரணம் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்தது, அந்தச் சரணத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பதால்.