பாதையை மறித்த எஃகு

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் (1938–2024) படைப்புகளைப் புகைப்படத்தை வைத்து எடைபோடக் கூடாது. படத்தில் துருவேறிய தகடுதான் தெரியும். பக்கத்தில் நடந்து போகிறவருக்கோ தகடு தன் பக்கம் சாய்கிறது, வழி குறுகுகிறது, நாலடி தள்ளிப் போனதும் வானம் திறக்கிறது. இளம் வயதில் எஃகு ஆலைகளில் வேலை பார்த்தவர் அவர். எஃகில் உருவம் வடிக்கும் ஆசை அவருக்கு இல்லை. எடையையும் சாய்வையும் வைத்தே ஓர் இடத்தின் இயல்பை மாற்றினார்.

லண்டன் லிவர்பூல் தெரு ரயில் நிலையத்துக்கு அருகே 1987-இல் அவர் நிறுத்திய 'ஃபுல்க்ரம்' இதற்கு நல்ல சான்று. ஐந்து கார்-டென் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து 55 அடி உயரத்துக்கு எழுகின்றன. கார்-டென் எஃகுக்கு வண்ணம் பூச வேண்டாம்; மேலே படரும் துருவே அதைக் காக்கும். இடுக்கு வழியாக உள்ளே போய் அண்ணாந்து பார்க்கலாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டால் சுற்றிக்கொண்டும் போகலாம்.

நியூயார்க்கில் வழிப்போக்கருக்கு அந்த உரிமையை அவர் விட்டுவைக்கவில்லை. மன்ஹாட்டனின் ஃபெடரல் பிளாசாவுக்கென அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம் 1979-இல் அவரிடம் சிற்பம் கேட்டது. 1981-இல் 'டில்டட் ஆர்க்' நின்றது: 120 அடி நீளம், 12 அடி உயரம், இரண்டரை அங்குல கனம். சதுக்கத்தைக் குறுக்கே வெட்டும் ஒற்றை வளைவு. சுற்றிலும் இருந்த அலுவலகங்களின் ஊழியர்கள் அன்றாடம் அதைச் சுற்றியே நடக்க வேண்டியதாயிற்று. சில மாதங்களிலேயே எதிர்ப்பு மனுவில் சுமார் 1,300 கையெழுத்துகள் சேர்ந்தன.

கலையாகப் பார்த்தால் வளைவில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. யாரும் நின்று பார்க்காத கல்தளத்தை, கடக்கும் ஒவ்வொரு முறையும் உணர வேண்டிய இடமாக அது மாற்றியது. மக்கள் எந்தத் தடத்தில் நடக்கிறார்கள் என்று ஆராய்ந்த பிறகே செர்ரா வளைவின் இடத்தை முடிவு செய்தார். அவருடைய பிழையும் அங்கேயே தொடங்குகிறது. அவர்களுடைய காலடியைக் கவனித்த அளவுக்கு வாய்ச்சொல்லைக் கவனிக்கவில்லை. ஒருவருடைய நடையைத் தன் கலைக்குள் சேர்த்துக்கொண்டவர், அந்த நடைக்காரர் சலித்துக்கொண்டால் அவருக்குக் கலை புரியவில்லை என்று தள்ளிவிட முடியாது. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் விரும்பி வருகிறார். மதிய உணவுக்கு வெளியே வரும் எழுத்தர் அப்படி வருவதில்லை.

செர்ராவின் எஃகு எடைக்கு இன்னொரு விலையும் இருந்தது, அதைப் பாராட்டுரைகள் எளிதில் தாண்டிவிடுகின்றன. 1971-இல் மினியாபொலிஸில் அவருடைய சிற்பம் ஒன்றை நிறுத்தும் வேலையில் தகடு விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். செர்ரா மீது பழி நிற்கவில்லை. ஆனாலும் டன் கணக்கான எஃகின் கம்பீரத்தைப் பேசும்போது, அதைத் தூக்கி நிறுத்துகிறவர்களையும் பேசியாக வேண்டும்.

'டில்டட் ஆர்க்' விஷயத்தில் அரசின் நடத்தையோ செர்ராவின் பிழையைவிட மோசம். 1985 மார்ச்சில் மூன்று நாள் விசாரணை நடந்தது. தலைமை தாங்கிய வட்டார நிர்வாகி வில்லியம் டயமண்ட், சிற்பத்தை அகற்ற வேண்டும் என்று முன்பே நிலை எடுத்தவர். வெடிகுண்டின் வீச்சைக் கட்டடங்களின் பக்கம் திருப்பிவிடும் என்றுகூட அங்கே வாதாடினார்கள். சிற்பம் இருக்கட்டும் என்றவர்கள் 122 பேர், வேண்டாம் என்றவர்கள் 58 பேர். இருந்தும் ஐவர் குழு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அகற்றப் பரிந்துரைத்தது. இந்த இடத்துக்கென்றே செய்ததை வேறிடம் மாற்றினால் அது அழிவுதான் என்று செர்ரா வழக்குத் தொடுத்துத் தோற்றார். 1989 மார்ச் 15 இரவில் வளைவை மூன்றாகப் பிரித்துக் கிடங்குக்கு ஏற்றினார்கள். காட்சிக் கலைஞர்களின் படைப்புரிமையைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் மறு ஆண்டுதான் வந்தது.

சதுக்கத்தில் நடப்பவர்களிடம் 1979-லேயே கேட்டிருந்தால் செர்ரா வளைவைச் சற்று நகர்த்தியிருக்கலாம், அல்லது வேறு இடம் தேடியிருக்கலாம். கேட்காமல் நிறுத்தியதில் சிற்பிக்கும் அரசுக்கும் சமபங்கு உண்டு. நிறுத்திய பின் பெரும்பாலோர் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டுப் பிரித்தெடுத்த குற்றம் மட்டும் முழுக்க அரசுடையது.