மனத்தை அளக்கும் கோல்

மாந்தரின் நாட்டங்களை வினாத்தாளால் அளக்க இயலுமா? அமெரிக்க உளநூலறிஞர் கார்டன் ஆல்போர்ட்டும் ஆங்கில அறிஞர் பிலிப் வெர்னனும் 1931ஆம் ஆண்டில் 'விழுமிய ஆய்வு' எனப் பொருள்படும் வினாத்தொகுதியை வெளியிட்டனர். ஜெர்மானிய அறிஞர் எடுவார்ட் ஸ்பிராங்கர் வகுத்த அறிவு, பொருள், அழகு, அன்பு, ஆட்சி, சமயம் என்னும் ஆறு நாட்டங்களே அதற்கு அடிப்படை.

இவற்றுள் ஒருவரிடம் மேலோங்கி நிற்பது எது என்பதை அது நன்கு காட்டும். அதுவே அதன் சிறப்பு. ஆயின், குறை ஒன்றும் உண்டு. வினாக்களிற் பல, 3 மதிப்பெண்களை இரு விடைகளுக்குப் பங்கிடச் சொல்கின்றன. 1960ஆம் ஆண்டுப் பதிப்பில் எவர் எழுதினும் மொத்தம் 240; நாட்டம் ஒவ்வொன்றிற்கும் சராசரி 40. ஒன்று உயர்ந்தால் மற்றொன்று தாழ்ந்தே தீரும்.

ஆகவே, அழகில் 50 பெற்ற மாணவன் 45 பெற்றவனைவிடக் கலையார்வம் மிக்கவன் எனக் கூறுதற்கில்லை. பின்னவன் ஆறிலும் பேரார்வம் உடையவனாக இருக்கலாம்; முன்னவன் எதிலும் ஊக்கமின்றி, அழகை மட்டும் சிறிதே விரும்புபவனாக இருக்கலாம். பங்கீட்டை அறிவதால் பண்டத்தின் அளவு விளங்கிவிடாது.

ஒருவருடைய விருப்ப வரிசையை அறிய இக்கோல் உதவும். இருவரை ஒப்பிட்டு நிறுக்க உதவாது. இவ்வேறுபாட்டை மறந்து மாணவரைத் தரம் பிரிக்கும் ஆசிரியர், கோலின் குறையை மாணவர்மேல் ஏற்றியவரே ஆவார்.