இடிப்புக்கு முந்திய எழுத்து

மனித உரிமை மீறலைப் பற்றிய எழுத்து மீறலைத் தடுக்கிறதா என்னும் கேள்வியை, குடிசைப் பகுதி மக்களை அவர்களது ஒப்புதலின்றி அகற்றும் ‘வலுக்கட்டாய வெளியேற்றம்’ குறித்து எழுப்பினால், அவ்வெழுத்து சட்டத்தை அசைத்திருக்கிறது, வீட்டைக் காத்ததோ அரிது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றும் 1981ஆம் ஆண்டு அரசு முடிவை எதிர்த்து, அம்மக்களுடன் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் தொடுத்த வழக்கில், அரசமைப்பின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் கூறியது. எனினும், முன்னறிவிப்புத் தந்து, மழைக்காலம் கழிந்தபின் அவர்களை அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு வழிவிட்டது. எழுதுவோர் முதற்பகுதியைப் போற்ற, அதிகாரிகள் பிற்பகுதியைக் கையாண்டு வருகின்றனர்.

சென்னையில் அடையாறு, கூவம் ஆற்றங்கரைகளில் வாழ்ந்தோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் தென் விளிம்புக்கு அனுப்பப்பட்ட ஆண்டுகளில், வேலை போனதையும் பிள்ளைகளின் படிப்பு நின்றதையும் உண்மையறியும் குழுக்கள், அதாவது நேரில் சென்று வாக்குமூலம் திரட்டும் தன்னார்வக் குழுக்கள், விரிவாகப் பதிவு செய்தன. அவ்வறிக்கைகளுள் பல ஆங்கிலத்தில் அமைந்ததால், யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களே படிக்க இயலாதவையாயின. அதனினும் பெருங்குறை, இதே பகுதிகள் நாளிதழ்களில் பெரும்பாலும் குற்றச் செய்திகளில் மட்டுமே இடம்பெற்றது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை மறுக்கப்படும் நிலை உருவானதில் எழுத்துக்கும் பங்குண்டு. உரிமை எழுத்தை மெச்சுவோர் இதைப் பேசுவதில்லை.

மாநில மனித உரிமை ஆணையம் இயங்கும் பசுமைவழிச் சாலைக்கு அருகே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற ஆணையைக் காட்டி 2022 ஏப்ரல் இறுதியில் வீடுகள் இடிக்கப்படலாயின. மே 5 அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கவிருந்த நிலையில், தேர்வு முடியும்வரையாவது பொறுக்கும்படி மக்கள் கேட்டதும் எடுபடவில்லை. மே 8 அன்று முதியவர் ஒருவர் தீக்குளித்து, மறுநாள் இறந்தபின்பே ஊடகங்கள் முழுமூச்சாகத் திரண்டன. அன்றே சட்டமன்றத்தில் முதலமைச்சர் ரூ.10 லட்சம் நிவாரணத்தையும், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே மாற்று வீடுகளையும், இனி மக்களைக் கலந்து பேசியபின்பே இடமாற்றம் என்னும் உறுதியையும் அறிவித்தார். இதை எழுத்தின் வெற்றி எனல் மிகை. ஓர் உயிர் போகும்வரை எழுத்து செவிடன் காதில் ஊதிய சங்காகவே இருந்தது.

உருக்கமான கட்டுரை ஒரு வாரம் பேசப்படும். நோட்டீஸ் தந்த நாள், கணக்கெடுப்பில் விடுபட்ட பெயர்கள், குடும்ப அட்டையில் உள்ள முகவரி, ஆணையில் ஒப்பமிட்ட அதிகாரியின் பதவி ஆகியவற்றைப் பொக்லைன் வருமுன் பதிவுசெய்யும் வறண்ட எழுத்தே நீதிமன்றத்தில் செல்லுபடியாகிறது. சென்னைப் பத்திரிகைகளில் மிகக் குறைவாகக் காணப்படுவதும் அதுவே.