மந்தையில் வாசிக்கப்பட்ட கணக்கு

மதுரைக்குத் தெற்கே ஓர் ஊராட்சி. மந்தையில் வேப்பமரத்தை ஒட்டிச் சாமியானா, வாடகை நாற்காலிகள், விட்டுவிட்டுக் கரகரக்கும் மைக். நூறுநாள் வேலைக்கான சமூகத் தணிக்கைக் கிராம சபை என்றது பேனர். வேறு வட்டாரத்திலிருந்து வந்திருந்த தணிக்கையாளர், இருபத்தைந்து வயதைத் தாண்டாத பெண், வருகைப் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தார். பெயர், வேலை அட்டை எண், எத்தனை நாள், எவ்வளவு கூலி. ஒரு பெயர் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார்.

“அந்த வாரம் எம் மக பேறுகாலத்துக்கு நான் பெரியாஸ்பத்திரியிலல்ல கிடந்தேன். கண்மாயில எப்படித் தாயி மண்ணு வெட்டியிருப்பேன்?”

“பணம் உங்க கணக்குல ஏறியிருக்கேம்மா?”

“ஏறுச்சு. எடுத்துக் குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

மந்தை சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஊராட்சிச் செயலர், “அத்தை, அது பதிவுல வந்த பிழை. நான் பாத்துக்கிறேன், உக்காருங்க” என்றார். உட்கார்ந்துவிட்டார். தணிக்கையாளர் எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த பெயர்.

சமூகத் தணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன.

நல்லதை முதலில் பார்க்கலாம். அந்த ஒரு வார வேலைக்குக் காகிதத்தில் குறையே கிடையாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. எம்-புக்கில், அதாவது ஓவர்சியர் வெட்டிய மண்ணை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில், கன அளவு இருக்கிறது. வங்கியில் கூலி ஏறியிருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடும் எந்தத் தணிக்கையும் இதில் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கும். பேரன் பிறந்த தேதி எந்தக் கோப்பிலும் இல்லை. அந்த அம்மாளிடம்தான் இருக்கிறது. கோப்பைச் சத்தமாக, அது யாரைப் பற்றியதோ அவர்கள் காதில் விழும்படி வாசித்தால் போதும், கணக்கு தானாக உடையும். இதற்குக் கணினியும் வேண்டாம், பட்டயக் கணக்காளரும் வேண்டாம்.

இந்த எளிய வித்தை ராஜஸ்தானிலிருந்து வந்தது. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் போன்றோர் 1990-இல் கட்டிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதலில் கேட்டது தகவல் உரிமையை அல்ல, கூலியை. வறட்சி நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், நீங்கள் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை, எம்-புக்கில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். தான் வெட்டிய மண்ணின் அளவு தனக்கே ரகசியம்! 1994 டிசம்பரில் ஜன் சுன்வாய் என்ற பெயரில் ஊர்ப் பொது விசாரணைகள் தொடங்கின. கையில் கிடைத்த பில்களையும் பட்டியல்களையும் சனங்கள் முன்னால் வாசித்தார்கள். 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதுதான் கோஷம். இந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகவே 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. (தமிழ்நாடு 1997-லேயே இப்படியொரு சட்டம் போட்டு நாட்டில் முதல் மாநிலம் என்று பெயர் வாங்கியது. அதை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை.) அதே 2005-இல் வந்த, நூறுநாள் வேலைக்கு அடிப்படையான வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கிராம சபையே தணிக்கை செய்யும் என்றது. 2011 விதிகள் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று கெடு வைத்தன. தெருவில் நடந்த போராட்டம் ஒன்று பதினேழே ஆண்டுகளில் அரசிதழில் விதியாக ஏறியது சாதாரண விஷயமில்லை.

விதியான பிறகுதான் சிக்கலே. ஜன் சுன்வாயில் கேள்வி கேட்டவர்கள் கோபத்தோடு கூடி வந்தவர்கள். சமூகத் தணிக்கைக் கிராம சபைக்கு வருகிறவர்களில் பலர், அன்றைய வருகைக் கையெழுத்துக்காகப் பணித்தளப் பொறுப்பாளர் அழைத்து வந்தவர்கள். யாரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமோ அவர்தான் ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைக்கிறார். தணிக்கைக் குழு ஊரில் யார் வீட்டிலும் சாப்பிடக் கூடாது என்பார்கள். சாப்பாட்டை ஒருவழியாகச் சமாளித்துவிடுவார்கள். பதினொரு மணித் தேநீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ‘அத்தை’யைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இருவரும் சொந்தமில்லை. ஆனால் ஊரில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் கெஞ்சலும் உண்டு, மிரட்டலும் உண்டு. சாமியானாவைப் பிரித்த பிறகு தணிக்கையாளர் பஸ் ஏறிவிடுவார். அந்த அம்மாள் வீட்டு வரி ரசீதுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அதே செயலரிடம்தான் போய் நிற்க வேண்டும். காலனியிலிருந்து வந்தவராக இருந்தால் எழுந்து நிற்பதே பெரிய காரியம். நேருக்கு நேர் பேசுவதுதான் இந்த முறையின் பலம் என்கிறோம். பேசிய பிறகும் நேருக்கு நேராகவே வாழ்ந்தாக வேண்டும் என்பதை விதியில் எழுத மறந்துவிட்டோம்.

இன்னொன்று. கூலியை நேராக வங்கிக் கணக்கில் போட்டால் ஊழல் ஒழியும் என்றார்கள். ஒழியவில்லை, இடம் மாறியது. முன்பு செயலர் கையிலேயே திருட்டு முடிந்துவிடும். இப்போது தொழிலாளியின் கணக்கு வழியாகப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அதாவது அவரும் கூட்டாளி ஆகிவிடுகிறார். ‘எடுத்துக் குடுத்துட்டேன்’ என்பது புகார் மட்டுமல்ல, ஒப்புதல் வாக்குமூலமும்கூட. அதனால்தான் மந்தை சிரித்தது. ‘யாருக்கு?’ என்ற கேள்விக்குப் பதில் வராததும் அதனால்தான். பாதிக்கப்பட்டவரைக் குற்றத்தில் பங்காளியாக்கி வைத்திருக்கும் இடத்தில் பொது விசாரணை வாயடைத்துப் போகிறது.

இதற்கு அரசு கண்டுபிடித்த மருந்து செயலி. 2023 ஜனவரியிலிருந்து எல்லா வேலைத் தளத்திலும் தினம் இருமுறை தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றானது. சிக்னல் இல்லாத கண்மாய்க் கரையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைவது புதிய வேலையானது. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது: வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று. படத்துக்கு அந்த அம்மாளின் மகளுக்கு எப்போது பிரசவம் ஆனது என்று தெரியாது. மந்தைக்குத் தெரியும்.

சரி, குற்றம் உறுதியானாலும் என்ன ஆகிறது? தணிக்கைக் குழு எழுதலாம், தண்டிக்க முடியாது. பணத்தைத் திரும்பப் பெற வேண்டியது வேலையை நடத்திய அதே நிர்வாகம். கண்டுபிடித்த தொகையில் ஒரு பகுதி ‘நடைமுறைப் பிழை’ என்று பெயர் மாறிக் கரையும். மிச்சத்திலும் மீண்டு வருவது சொற்பம். தணிக்கை அலகுக்குச் சம்பளப் பணம் வருவதும் அதே அரசிடமிருந்துதான். நிதி தாமதமானால் தணிக்கையும் தாமதம்.

இவ்வளவு குறையும் சொன்ன பிறகு, இது வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. என் ஆற்றாமை வேறு. அந்த மந்தையிலிருந்து பார்த்தால் நான்குவழிச் சாலை தெரியும். அன்று மைக்கில் வாசித்த மொத்தக் கணக்கும் அந்தச் சாலையில் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குக் காணாது. அந்தச் சாலையின் எஸ்டிமேட்டை இந்த மந்தையில் யாராவது வாசித்தார்களா? எத்தனை அடி கிராவல், எத்தனை அங்குலம் தார் என்று யாரிடமாவது கேட்டார்களா? சர்வீஸ் ரோட்டை ஏன் பாதியில் விட்டார்கள் என்று தினம் சுற்றிப் போகிறவர்களுக்கு யாரும் சொன்னதுண்டா? நம் நாட்டில் தொகை சிறிதாக இருந்தால் அதைச் சுற்றிக் கண்கள் அதிகம். தொகை பெருகப் பெருகக் கணக்கு மக்களை விட்டுத் தூரம் போகிறது.

பெரிய தொகைக்கும் தணிக்கை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அரசமைப்பின் 148-ஆம் உறுப்பில் உருவான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அமைப்பு திறமையானது, துணிச்சலானதும்கூட. துவாரகா விரைவுச் சாலையைப் பற்றி 2023 ஆகஸ்டில் வந்த அறிக்கை ஓர் உதாரணம். கிலோமீட்டருக்கு 18.20 கோடி ரூபாய் என்று அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்ட கணக்கில், 250.77 கோடி ரூபாய் என்று நெடுஞ்சாலை ஆணையம் அனுமதித்தது என்றது அறிக்கை. அமைச்சகம் மறுத்தது. 18.20 கோடி என்பது பாரத்மாலா என்ற நாடு தழுவிய சாலைத் திட்டம் முழுவதற்குமான சராசரி, இதுவோ எட்டுவழி மேம்பாலச் சாலை என்றது. டெண்டரில் கிலோமீட்டருக்கு 182 கோடியளவில்தான் முடிந்தது என்றும் சொன்னது. அமைச்சகத்தின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தரையில் போடும் சாலையையும் தூண்மேல் நிற்கும் சாலையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் எட்டு வழியும் தூண்களும் அங்கே தேவையா, யார் முடிவெடுத்தது என்ற கேள்வி தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டு நாள் இருந்து காணாமல் போனது. அந்தச் சாலையோரத்தில் கூட்டம் போட்டு வாசித்திருந்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்திருக்கும்.

காலம் இன்னொரு குறை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மனிதரால் நேர்ந்த பேரிடர் என்ற தணிக்கை அறிக்கை தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். அதற்குள் சுவரில் வெள்ளம் நின்ற கோட்டின் மேல் சனங்கள் இரண்டு முறை வெள்ளையடித்துவிட்டார்கள். நம் சட்டமன்றத்தில் இந்த அறிக்கைகளைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைப்பது பழகிப்போன ஒன்று. மறுநாள் கேள்வி கேட்க அவை இருக்காது. பிறகு பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அலுவலகங்களில் ‘பாரா போட்டுட்டாங்க’, அதாவது தணிக்கையில் குறை எழுதிவிட்டார்கள் என்று பதறுகிறவர்கள் உண்டு. ‘பாரா டிராப் ஆயிடும்’ என்று ஆறுதல் சொல்கிறவர்கள் அதைவிட அதிகம்.

தண்டனையிலும் இதே ஏறுமாறு. முறைகேடு என்று காரணம் காட்டி 2022 மார்ச்சில் மேற்கு வங்கத்துக்கு நூறுநாள் வேலைப் பணத்தை ஒன்றிய அரசு நிறுத்தியது. களவு செய்தவன் யாரோ, கூலி கிடைக்காமல் போனது மண் வெட்டியவர்களுக்கு. 2025 ஆகஸ்டிலிருந்து வேலையைத் திரும்பத் தொடங்குங்கள் என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பாரா போட்டதற்காக எந்த விரைவுச் சாலைக்கும் மூன்று ஆண்டு பணம் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நகரத்தில் இருப்பவர்கள் கிராமத்தைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். நகரத்தில் பகுதி சபை என்று முதன்முதலாகக் கூடியதே 2022 நவம்பர் 1-இல்தான். நான் குடியிருக்கும் தெருவில் முன்பு வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் இரண்டு படிகளை ரோடு விழுங்கிவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். போன முறை எங்கள் தெருவில் இரவோடிரவாகத் தார் ஊற்றிவிட்டுப் போனபோது, எஸ்டிமேட்டில் சுரண்டுவதற்கும் பணம் இருந்ததா என்று அறிய ஆசைப்பட்டேன்.

தகவல் உரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அதில் காகித நகல் மட்டும் இல்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடலாம். பயன்படுத்திய பொருளில் சான்றளித்த மாதிரியும் எடுக்கலாம். அதாவது தெருவில் போட்ட தாரில் ஒரு துண்டை அரசாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டேன். ஒரு நினைவூட்டல், ஒரு மேல்முறையீடு. கடைசியில் ஒரு காலை இளம் பொறியாளர் ஒருவர் கடப்பாரையும் ஆளுமாக வந்தார். நல்ல பையன். “சார், இதை வச்சு என்ன பண்ணப்போறீங்க?” என்று உண்மையாகவே கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. தெரு ஓரத்தில் கையகலத்துக்குப் பெயர்த்து, பாலிதீன் பையில் போட்டு, சீட்டு ஒட்டிக் கொடுத்தார். கீழே பழைய தார், அதற்கும் கீழே அதைவிடப் பழைய தார் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. பால்கனிகளிலிருந்து அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை. என்னை யாரும் மாமா என்று கூப்பிட்டு உட்காரச் சொல்லவும் இல்லை.