கானா: மேடையேற்றமும் கேட்போர் எதிர்வினைகளும்

கானா, வடசென்னையின் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி வாழும் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாடல் வடிவம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் முதலிய பகுதிகளின் சாவு வீடுகளிலும் தெருமுனைகளிலும் நண்பர் கூட்டங்களிலும் பாடப்பட்டுவந்தது. திரைப்படங்கள் இதை அவ்வப்போது எடுத்தாண்டன. 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் வழியாகக் கானா புதிய இசையமைப்புடனும் வெளிப்படையான அரசியலுடனும் பெரிய மேடைக்கு வந்தது. அதைக் கொண்டாடியவர்கள் உண்டு, கானாவே அல்ல என்று மறுத்தவர்களும் உண்டு. இந்த எதிர்வினைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: மேடையேற்றத்தில் பாட்டு மாறியதைவிடக் கேட்பவரின் இடம் மாறியதே பெரிய மாற்றம்.

பின்னணி

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் செயற்கைத் துறைமுகமும் பெரம்பூரின் துணி ஆலைகளும் வந்துவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலையும், 1970களில் எண்ணூர் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. மூட்டை தூக்கவும் ரிக்‌ஷா இழுக்கவும் ஆலையில் நிற்கவும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். ஒப்பாரியும் பறையும் அவர்களோடு வந்தன. கடலோரத்தில் மீனவர்கள் முன்பே இருந்தார்கள். உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த பேச்சு இங்கே உருவானது. நாஷ்டா, பேஜார் போன்ற சொற்கள் அப்படி வந்தவை. கானாவின் மொழி இதுதான்.

சித்தர் பாடல்களையும், வடசென்னையில் வாழ்ந்து மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களையும் கானாவின் முன்னோடிகளாகக் குறிப்பிடுவதுண்டு. நிலையாமையைப் பேசும் மரண கானாக்களைக் கேட்டால் இந்த உறவு விளங்கும். 'கானா' என்ற சொல் பாட்டைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம்.

இரவல் மெட்டு

கானாவைப் பற்றிய விவாதங்களில் அதிகம் மறக்கப்படுவது அதன் மெட்டு. கானாப் பாடகர் பெரும்பாலும் புதிதாக மெட்டமைப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் தன் சொற்களை ஏற்றுவார். கேட்பவருக்கு மெட்டு முன்பே தெரியும் என்பதால் அவர் காது முழுவதும் சொல்லின் மேல் இருக்கும். மூலப்பாட்டில் காதலியின் பெயர் வந்த இடத்தில் மீன்வகையின் பெயரோ வட்டிக்காரரின் பெயரோ வந்து விழும்போது கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு இரண்டு பாட்டையும் ஒரே நேரத்தில் கேட்பதால் வருவது.

பழைய பாட்டைப் புதிதாக்குவது, எனவே, கானாவுக்கு வெளியிலிருந்து வந்த வேலை அல்ல. சட்டி, கட்டமோளம், டோலக், ஆர்மோனியம், புல்புல்தாரா என்று கிடைத்த கருவியோடு பாடப்பட்டது. கருவி இல்லாத இடத்தில் மேசையும் தீப்பெட்டியும் தாளம் தந்தன. 'தூய கானா' என்ற ஒன்றை அளவுகோலாக வைத்து இன்றைய முயற்சிகளை அளப்பது இதனால் சிக்கலாகிறது.

சாவு வீட்டில் கேட்பவர்

மரண கானா இறந்தவரின் வீட்டு வாசலில் இரவு முழுதும் பாடப்படுவது. பதினாறாம் நாள் கருமாதியிலும் பாடுவார்கள். இறந்தவரின் பெயர், தொழில், குணம், விட்டுப்போன உறவுகள் ஆகியவற்றைப் பாடகர் கேட்டறிந்து பாட்டில் சேர்ப்பார். மகன் பெயர் தவறிப்போனால் அங்கேயே ஒருவர் திருத்துவார். பிடித்த வரியை மறுபடி பாடச் சொல்வார்கள், பணம் கொடுப்பார்கள். நடுச்சாமத்துக்கு மேல் துக்கம் கனக்கும்போது பாடகர் கேலிப்பாட்டுக்கு மாறுவார். விடியும்வரை வீட்டாரை விழித்திருக்கவைப்பதும் அவர் பொறுப்பு.

இங்கே கேட்பவர் பாட்டின் பாதி ஆசிரியர். அவர் தரும் செய்தி இல்லாமல் பாட்டு இல்லை. பாட்டு எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

திரைப்படம் உருவாக்கிய காது

பொம்மலாட்டம் (1968) படத்துக்காக வி. குமார் இசையில் மனோரமா சென்னைத் தமிழில் பாடிய பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவின் நடையைத் திரையிசையில் நிலைப்படுத்தினார். சித்திரம் பேசுதடி (2006) படத்தில் கானா உலகநாதனும், அட்டகத்தி (2012) படத்தில் கானா பாலாவும் தங்கள் குரலிலேயே பாடினார்கள். மெட்ராஸ் (2014) படத்தில் கானா பாலா பாடிய மரண கானா இடம்பெற்றது.

திரைப்படம் கானாவைத் தமிழகம் முழுதும் கொண்டுசென்றது. ஆனால் பெரும்பாலான படங்களில் அது மதுக்கடைக் காட்சிக்கோ கல்லூரி இளைஞர்களின் கும்மாளத்துக்கோ உரிய பாட்டாகவே வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் முடியவும் செய்தது. கானா என்றால் குத்துப்பாட்டு என்று பழகிய ஒரு காது இவ்வாறு உருவானது. சாவு வீட்டில் விடிய விடியக் கேட்டவரின் காது வேறு. 2018இல் ஒரே மேடைக்கு முன் இவ்விருவரும் வந்து நின்றார்கள்.

2018 மேடை

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை உருவாக்கின. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லாட்சி பெயருக்கு அடிப்படை. தொடக்கத்தில் குழுவில் 19 பேர். கானாப் பாடகர்களோடு சொல்லிசைக் கலைஞர் அறிவு, சட்டியும் பறையும் கட்டமோளமும் வாசிப்போர், கிதார், டிரம்ஸ் கலைஞர்கள் ஆகியோர் சேர்ந்தனர். குழுவின் ஒரே பெண் பாடகர் இசைவாணி இராயபுரத்தைச் சேர்ந்தவர்.

முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் உள்ள ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. அது மார்கழி மாதம். சபாக்களில் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடக்கும் பருவத்தில், கோட்டு சூட் அணிந்த கானாக் கலைஞர்கள் இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் அம்பேத்கரையும் பாடினார்கள்.

மூவகை எதிர்வினை

அதன்பின் வந்த எதிர்வினைகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது பெருமிதம். ஏளனத்துக்குரியதாகக் காட்டப்பட்ட தங்கள் பேச்சும் தாளமும் தலைநிமிர்ந்து நிற்பதைக் கண்ட மகிழ்ச்சி அது. வடசென்னையைக் கத்தியோடும் கஞ்சாவோடும் மட்டும் சேர்த்துக் காட்டிய படங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த மேடை ஒரு பதிலாக இருந்தது.

இரண்டாவது, 'இது கானா அல்ல' என்னும் மறுப்பு. ராப்பும் ராக்கும் கலந்துவிட்டன, கிதார் சத்தத்தில் கானாவின் இழுவை போய்விட்டது என்பது இதன் சாரம். கருவிகளைப் பற்றிய பகுதி வலுவற்றது. சினிமா மெட்டை எடுத்துப் பாடிய மரபுக்கு கிதார் அந்நியமல்ல. இழுவையைப் பற்றிய பகுதி கவனத்துக்குரியது. கானாவில் பாடகர் ஒரு சொல்லை நீட்டி, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வந்து சேர்வார். பெரிய குழுவின் கட்டான தாளத்தில் அந்தத் தாமதத்துக்கு இடம் குறைவு. நான்கைந்து குரல்கள் சேர்ந்து முழங்கும்போது சொல்லின் நையாண்டியும் கரைகிறது.

மூன்றாவது, 'இசையில் அரசியல் எதற்கு' என்ற கேள்வி. இதைக் கேட்டவர்கள் கானாவைக் கொண்டாட்டப் பாட்டாகவே அறிந்தவர்கள். வட்டிக்காரனையும் போலீஸையும் முதலாளியையும் கானா எப்போதும் பாடித்தான் வந்திருக்கிறது. ஆனால் சுற்றிவளைத்துப் பாடியது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் நேரடியாகப் பெயர் சொல்லிப் பாடியது. சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றி இசைவாணி 2018இல் பாடிய பாடல் 2024இல் மீண்டும் சர்ச்சைக்குள்ளாகி, அவருக்கு எதிராகப் புகார்கள் அளிக்கப்பட்டன. ஆண்களே பாடிவந்த ஒரு வடிவத்தில் ஒரு பெண் பாடுவதும், அவர் கேள்வி கேட்பதும் கேட்போரில் ஒரு பகுதியினருக்கு இன்னும் ஏற்கமுடியாததாக இருப்பதை இது காட்டியது. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவரும் இவரே.

எண்ணூரிலிருந்து ஒரு எதிர்த்திசை

ஓராண்டுக்கு முன்பு இதற்கு நேர் எதிரான ஒரு பயணம் நிகழ்ந்தது. 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர் கழிமுகத்தின் அழிவைப் பற்றியது. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுதினார். டி.எம். கிருஷ்ணா கர்நாடக இராகங்களில் பாடினார். ரதீந்திரன் பிரசாத் காணொளியை இயக்கினார். ஆனந்தபைரவியும் பேகடாவும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே ஒலித்தன.

புறம்போக்கு என்பது வரி விதிக்கப்படாத பொதுநிலத்தைக் குறிக்கும் சொல். ஏரி, ஆறு, மேய்ச்சல் நிலம், கழிமுகம் எல்லாம் அதில் அடங்கும். நகரத்தில் அது வசைச்சொல்லாகிவிட்டது. அச்சொல்லை இராகத்தில் வைத்துப் பாடியபோது அதன் பழைய பொருள் திரும்ப வந்தது. கேட்டவர்களில் சிலருக்குப் பேச்சுமொழி இராகத்தில் ஒட்டவில்லை. சிலருக்கு அந்த ஒட்டாமையே எண்ணூரைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

இரண்டு முயற்சிகளையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். புறம்போக்குப் பாடலில் எண்ணூர் பாடுபொருள். அதைக் கேட்கவேண்டியவராகக் கருதப்பட்டவர் நகரத்தின் மறுபக்கத்தில் இருந்தார். காஸ்ட்லெஸ் கலெக்டிவில் வடசென்னைக்காரர் பாடகராகவும் கேட்பவராகவும் இருந்தார்.

ஸ்விங் இசையோடு ஒப்பீடு

நடனத்துக்கோ சடங்குக்கோ உரிய இசை மேடையேறும்போது இத்தகைய எதிர்வினைகள் வருவது புதிதல்ல. அமெரிக்கத் துறைமுக நகரான நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்களின் சவ ஊர்வலத்தில் வாத்தியக் குழு போகும்போது சோகமாகவும் திரும்பும்போது துள்ளலாகவும் வாசிக்கும். அந்த மண்ணிலிருந்து ஜாஸ் வளர்ந்தது. 1930களில் அதன் ஸ்விங் வடிவம் நாடு முழுதும் நடன இசையானது. 1937இல் நியூயார்க் பாரமவுண்ட் அரங்கில் பென்னி குட்மன் வாசித்தபோது இளைஞர்கள் நாற்காலிகளுக்கு நடுவே எழுந்து ஆடினார்கள். 1938 ஜனவரி 16 அன்று அதே குழு கார்னகி ஹாலில் வாசித்தது. செவ்வியல் இசைக்குரிய அரங்கில் உட்கார்ந்து கேட்கும் இசையாக ஸ்விங் ஏற்கப்பட்டதன் அடையாளமாக அந்த இரவு கருதப்படுகிறது.

1990களின் இறுதியில் ஸ்விங் மீண்டும் அலையாக எழுந்தது. பிரையன் செட்சர் இசைக்குழு லூயி பிரைமாவின் 1950களின் பாடலைப் புதிதாகப் பாடி வெற்றிபெற்றது. இளைஞர்கள் பழைய நடனங்களைக் கற்று ஆடினார்கள். உடையும் தொப்பியும் திரும்பிவந்த அளவுக்கு அந்த இசையைப் பெற்ற சமூகம் திரும்பிவரவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. கானா மேடையேறியபோது பாடகர்களும் அவர்கள் சமூகமும் மேடையிலேயே இருந்தார்கள் என்பதை இந்த ஒப்பீடு தெளிவாக்குகிறது.

மதிப்பீடு

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதன்மையான பங்களிப்பு, கானாவைக் கேட்கும் முறையை மாற்றியது. சிரிப்பதற்கும் ஆடுவதற்கும் மட்டும் உரியதாகத் திரைப்படம் ஆக்கிவைத்த வடிவத்தை, சொல்லுக்குச் சொல் கவனித்துக் கேட்கவேண்டியதாக அது நிறுத்தியது. பெண் குரலுக்கு இடம் தந்தது. 2020 டிசம்பர் முதல் நடந்துவரும் 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சிகளில் ஒப்பாரியும் பறையும் கானாவும் ஒரே மேடையில் வருவதற்கு இந்தத் தொடக்கமே வழிவகுத்தது.

இழப்பும் உண்டு. மேடைப் பாட்டின் சொற்கள் முன்பே முடிவானவை. கேட்பவர் கைதட்டலாம், கூடப் பாடலாம், ஆனால் திருத்த முடியாது. முழக்கமாக வரும் வரிகளில் ஒரு தனிமனிதரின் பெயரும் தொழிலும் வருவது அரிது. மரண கானாவில் இறந்த ஒரு மூட்டைத் தொழிலாளியின் வாழ்க்கை அன்றிரவு மட்டுமாவது முழுதாகப் பாடப்பட்டது. மேடை ஒரு மக்கள்கூட்டத்தைப் பாடுகிறது, சாவு வீடு ஒரு ஆளைப் பாடுகிறது. இரண்டும் தேவைப்படுபவை.

'இது கானா அல்ல' என்ற மறுப்பில் உள்ள நியாயம் இங்கேதான் இருக்கிறது. அது கிதாரைப் பற்றிய புகாராக வெளிப்பட்டாலும், இடைமறிக்கும் உரிமையை இழந்த கேட்பவரின் வருத்தம் அதில் உண்டு. காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ ஒரு வாசலில் இறந்தவரின் பெயரைக் கேட்டறிந்து பாடும் பாடகர் இருக்கும்வரை மேடைக் கானாவால் மரபுக்குக் கேடு இல்லை. அந்த வாசல் கானாவுக்கு மேடையால் என்ன கிடைக்கிறது என்பதைக் கொண்டே இந்த மறுமலர்ச்சியை இனி மதிப்பிட வேண்டியிருக்கும்.