ஐந்தாம் ஃபிரெட், ஏழாம் ஃபிரெட்: ஒரு சுருதிக் கணக்கு

கிட்டார் பழகுகிறவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும் வித்தை இது. தடித்த ஈ கம்பியில் ஐந்தாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை ஒட்டியும் ஒட்டாமலும் வைத்து மீட்டினால், மணிபோல ஒரு ஹார்மோனிக் எழும். ஏ கம்பியில் ஏழாம் ஃபிரெட்டில் இன்னொன்று. சேர்ந்து ஒலிக்கையில் ‘வாவ் வாவ்’ என்று அலையடித்தால் சுருதி சேரவில்லை. ஏ கம்பியின் முறுக்காணியை மெல்லத் திருக, அலை தளர்ந்து அடங்கும். பிறகு அடுத்த கம்பி.

இதன் பலம் லேசானதல்ல. ஹார்மோனிக்கை எழுப்பிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். ஒலி நிற்கும்போதே ஆணியைத் திருகலாம். ஃபிரெட்டில் கம்பியை அழுத்தாததால், விரல் அழுத்தத்தில் சுருதி ஏறும் தொல்லையும் இல்லை. அலையைக் கேட்கும் பழக்கமும் கூடவே வந்துவிடும். ட்யூனரின் பச்சை விளக்கை மட்டுமே நம்பியவருக்கு அது வாய்ப்பதில்லை.

கோளாறு, அலை முழுக்க அடங்கும் இடத்தில்தான் இருக்கிறது. ஐந்தாம் ஃபிரெட் ஹார்மோனிக் திறந்த கம்பியின் அதிர்வெண்ணைப்போல் நான்கு மடங்கு. ஏழாம் ஃபிரெட்டில் மூன்று மடங்கு. இரண்டையும் சமமாக்கினால் கம்பிகளுக்கிடையே 4:3 என்ற தூய ச–ம உறவு அமையும். அதாவது, சுருதி இடைவெளியை அளக்கும் சென்ட் அலகில், 498. ஃபிரெட்டுகளோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியவை. அங்கே அதே இடைவெளி 500. இரண்டு சென்ட் வித்தியாசம் காதில் விழாதுதான். ஆனால் ஏ, டி, ஜி என்று மூன்று முறை அடுக்கினால், ஜி ஏறக்குறைய 6 சென்ட் இறங்கிவிடும். ஜி-யிலிருந்து பி-க்கு இந்த வித்தை பலிக்காது. தடித்த ஈ கம்பியின் ஏழாம் ஃபிரெட் ஹார்மோனிக்கோடு பி-யைச் சேர்ப்பார்கள். அது 2 சென்ட் ஏறி நிற்கும். ஆக, ஜி–பி இடைவெளி 400-க்குப் பதில் 408. ஜி கார்டை மீட்டினால் கசப்பு தெரியும். தம்பூராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் 386 சென்ட். அதில் ஊறிய காதுக்கு 400-ஏ உறுத்தல்தான். அதற்காகப் பி-யை இறக்கினால் ஜி கார்ட் இனிக்கும், ஈ கார்ட் கெடும்.

இத்தனைக்கும் முறையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அலையை முழுக்க அடக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்தால் போதும். சம பங்கீட்டில் ஈ கம்பியின் ஹார்மோனிக் 329.6 ஹெர்ட்ஸ், ஏ கம்பியுடையது 330. எனவே அலை நின்றபின் ஏ-யைத் துளி ஏற்றி, கிட்டத்தட்ட மூன்று வினாடிக்கு ஓர் அலை வரும்படி நிறுத்த வேண்டும். ஏ–டி ஜோடிக்கு இரண்டு வினாடிக்கு ஒன்று; டி–ஜி ஜோடிக்கு ஒன்றரை வினாடிக்கு ஒன்று. பொறுமை கேட்கும் வேலை. மேடையில், சத்தத்துக்கு நடுவே, கிளிப் ட்யூனரே மேல்.

இன்னொரு குறை, ஹார்மோனிக் ஃபிரெட்டையே தொடுவதில்லை என்பது. மேலே பலமாகச் சொன்ன அதே குணம்தான். திறந்த கம்பிகள் துல்லியமாகச் சேர்ந்திருந்தும் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி விலகும் கிட்டார்கள் ஏராளம். அதைச் சோதிக்க, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்தி மீட்டும் சுரத்தையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால், அடிப்புறத்தில் கம்பியைத் தாங்கும் சாடிலைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பியை நீளமாக்க வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு கம்பிக்கும் தனித்தனிச் சாடில் இருப்பது இதற்குத்தான். சாதாரண அகூஸ்டிக்கில் சாடில் ஒரே துண்டு; திருக ஆணியும் கிடையாது. முதல் இரண்டு ஃபிரெட்டுகளில் மட்டும் சுரம் ஏறி ஒலித்தால் குற்றம் பெரும்பாலும், தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டின் பள்ளம் உயரமாக இருப்பதில். பன்னிரண்டாம் ஃபிரெட் சோதனை அதைக் காட்டாது.

எதையும் திருகுமுன் கம்பிகளை மாற்றிவிடுங்கள். துருவும் அழுக்கும் ஏறிய பழைய கம்பியை வைத்துச் சரிசெய்த சாடில், புதுக் கம்பிக்குப் பொருந்தாது.