லிங்கன் – டக்ளஸ் சொற்போர்: பாடமும் நடுவுநிலையும்

1858ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் நிகழ்த்திய சொற்போர், அரசியல் வாதத்திற்கு இலக்கணமாகப் போற்றப்பட்டு வருகின்றது. அப்புகழுரை எத்துணைப் பொருந்தும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

அடிமை முறையைப் புதிய ஆட்சிப்பகுதிகளில் பரவ விடலாமா என்பதே வழக்கின் பொருள். அவ்வப் பகுதி மக்களே அதனை முடிவு செய்க என்றார் டக்ளஸ். அடிமை முறை தீதாதலின் பரவலாகாது என்றார் லிங்கன். முதலில் பேசுவோர்க்கு ஒரு மணி நேரம், மறுப்போர்க்கு ஒன்றரை மணி, மீண்டும் முதலில் பேசியவர்க்கு அரை மணி என்பது முறை. ஆகவே, காலப் பங்கீட்டில் குறை காண்டற்கில்லை.

எனினும், நாம் இன்று படிக்கும் பாடம் மேடையில் பேசப்பட்டவாறே அமைந்ததன்று. சிகாகோவின் 'பிரஸ் அண்ட் டிரிபியூன்' லிங்கனைச் சார்ந்தது; 'டைம்ஸ்' டக்ளஸைச் சார்ந்தது. சுருக்கெழுத்தாளர் குறித்தவற்றுள் தத்தம் தலைவர் உரையை இவ்விதழ்கள் செப்பஞ்செய்து வெளியிட்டன. லிங்கன் தொகுத்து வைத்து 1860இல் நூலாக வெளிவந்த பாடமும் ஒவ்வொருவர் உரையையும் அவரவர் சார்பிதழினின்றே கொண்டது. 1993இல் ஹரால்டு ஹோல்சர் இம்முறையை மாற்றி, எதிர்ச்சார்பிதழின் பாடங்களைப் பதிப்பித்தார். எதிர்ச்சார்பிதழும் உரையைச் சிதைத்திருத்தல் கூடுமாதலின், இரண்டனையும் ஒப்புநோக்குதலே நேரிய நெறியாம்.

இனி, பொருளை நோக்குவோம். செப்டம்பர் 18இல் சார்ல்ஸ்டனில், கறுப்பின மக்கட்கு வாக்குரிமை முதலிய அரசியல், சமுதாயச் சமன்மை அளித்தலைத் தாம் வேண்டவில்லை என்றார் லிங்கன். அக்டோபர் 7இல் கேல்ஸ்பர்க்கிலோ, விடுதலைச் சாற்றுரை கூறும் சமன்மை கறுப்பினத்தார்க்கும் உரியது என்றார். வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றும் பேசுகின்றார் என டக்ளஸ் அங்கேயே இடித்துரைத்தார். இக்குற்றச்சாட்டு முழுதும் பொருந்துமோ எனின், பொருந்தாது. ஆகஸ்டு 21இல், வடபகுதி ஊராகிய ஒட்டாவாவிலேயே அவர் இரண்டனையும் ஒருங்கே கூறியுள்ளார். தம் உழைப்பின் பயனை நுகரும் இயற்கை உரிமை வேறு, அரசியல் உரிமை வேறு என்பதே அவர் கொண்ட கொள்கை. இடத்திற்கேற்ப மாறியது அழுத்தமே. அதற்காக அவர் குறையை மறைத்தலும் தகாது. சார்ல்ஸ்டன் உரையை அவரே தம் தொகுப்பினின்று நீக்கினாரல்லர். அவரைப் போற்றுவோர் அதனை நீக்கிப் படித்தல் முறையாகுமா?

நம் கருத்தில், இச்சொற்போரின் பெருங்குறை இருவர்க்கும் பொதுவானது. யாருடைய வாழ்வு வழக்காடப்பட்டதோ அவர்க்கு அம்மேடையில் இடமில்லை. 1838இல் அடிமைத்தளையினின்று தப்பி, நாடறிந்த நாவலராய் விளங்கிய பிரெடரிக் டக்ளஸின் பெயர் ஃப்ரீபோர்ட் மேடையில் ஒலித்தது. ஆயின், வெள்ளையரின் வெறுப்பைத் தூண்டுதற்கே ஸ்டீபன் டக்ளஸ் அதனை எடுத்தாண்டார். அவையில் பெயர் இழுக்கப்பட்டவர்க்கு மறுமொழி கூறும் அரை மணியேனும் வாய்க்கவில்லை.

மாநிலச் சட்டமன்றம் டக்ளஸையே செனட் அவைக்குத் தேர்ந்தது. லிங்கன் 1860இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1865இல் அடிமை முறையும் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும், வெற்றி தோல்விகொண்டு ஒரு சொற்போரை அளத்தல் சாலாது. இருவர்க்குக் காலத்தைச் சமமாகப் பகிர்தல் நடுவுநிலையின் தொடக்கமேயாம். வழக்கிற்குரியோரும் பேசும்போதே அது நிறைவுறும் என்பது இவ்வாராய்ச்சியால் பெறப்படும்.